பெருமாள் காவலில் இருந்த பணம்

என் கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. ‘பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று யார் கூப்பிட்டாலும் நம்பாதீர்கள்’ என்று தெலுங்கில், சிவப்பு மையில் எழுதியிருக்கும். எழுதியவன் நான்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஓ.டி.பி.யைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எரிச்சலில் எழுதிய அட்டை அது. அந்த அட்டையை நானே நம்பித் தொலைத்ததால் அம்சவேணி வாங்கவிருந்த வீடு கைநழுவிப் போகப் பார்த்தது. அதைச் சொல்லவேண்டுமென்றால் அவள் குவைத்துக்குப் போன காலத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்தைப் பற்றிப் பேச எனக்கும் ஒரு சாக்குக் கிடைத்தால் போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெதுருகுப்பம் பஸ் நிறுத்தத்தில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கதவு, உள்ளே காற்றை விட சத்தம் அதிகம் தரும் ஒரு குட்டி ஃபேன். சிட்டிபாபு பூத் என்றால் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தெரியும். ரிசீவரை எந்தப் பக்கம் காதில் வைப்பதென்று பாதி ஊர் என்னிடம்தான் கற்றுக்கொண்டது. கதவைச் சாத்திக்கொண்டாலும் குவைத்துக்கே கேட்கட்டும் என்று கத்துவார்கள். அதனால் எந்த வீட்டு ரகசியமும் என் காதுக்குத் தப்பியதில்லை. இன்றைக்கு ஆளுக்கொரு ஃபோனை வைத்துக்கொண்டு மூலையில் திரும்பி நின்று முணுமுணுக்கிறார்கள். எனக்கு அந்தக் கத்தல்தான் பிடித்திருந்தது.

அம்சவேணி எங்கள் ஊர்க்கோடியில் இருந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அவள் நைனா கருப்பன் காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு உழைத்தவர். வயதான பிறகு அரசாங்கம் இரண்டு ஏக்கர் பட்டா நிலம் கொடுத்தது. பாதி கல், மீதி முள். அம்சவேணியைக் கட்டியவன் லாரி கிளீனர். கல்யாணமான மறுவருஷமே கூடூர் பக்கம் ஒரு விபத்தில் போய்விட்டான். குழந்தை இல்லை. நைனா வீட்டுக்கே திரும்பி வந்தாள். அண்ணன் ஏகாம்பரம் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டான். ஆனாலும் அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு தகரப்பெட்டி மட்டும்தான் இருந்தது. அதன் சாவியும் எல்லோருக்கும் பொதுவாக ஆணியில் தொங்கும்.

கடப்பா பக்கத்திலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் பெண்கள் வீட்டு வேலைக்குக் குவைத் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஏஜெண்ட் ஒருவன் ஊருக்குள் வந்தான். முதலில் பெயர் கொடுத்தவள் அம்சவேணி. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கத் திருப்பதிக்குப் போனதுதான் அதுவரை அவள் போன பெரிய பயணம்.

குவைத் போன பிறகு, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் எஜமானியம்மா வீட்டார் உறவுக்காரர்களைப் பார்க்கக் கிளம்பியதும், என் பூத்துக்குக் கூப்பிடுவாள். ஏகாம்பரம் சாயங்காலத்திலிருந்தே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். மணி அடித்ததும் மூவரும் சேர்ந்துதான் பேசுகிற மாதிரி இருக்கும்.

“அண்ணா, நல்லா கீறியா? நைனா வேளைக்குத் துன்றாரா?”

“எல்லாம் நல்லாத்தான் கீறோம் மே. போருலதான் தண்ணி வரல. வேற எடம் பாத்துக்கினு கீறோம்.”

இந்த ‘வேற எடம்’தான் அந்தக் குடும்பத்தைப் பிடித்த வியாதி. நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு ஒருவர் நிலத்தில் நடப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் திருச்செங்கோட்டு லாரி வந்து துளை போடும். வெள்ளைத் தூள் கிளம்பும். அம்சவேணி பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்த காசு தூளாகப் பறந்து எங்கள் கூரைகளில் எல்லாம் படிந்தது. முதல் போரில் காற்று வந்தது. இரண்டாவது போர் ஒரு வேர்க்கடலைப் பருவத்துக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மூச்சை விட்டது. மூன்றாவதில் மறுபடி தூள். ஏகாம்பரத்தைக் குறை சொல்லவும் மனசு வராது. பிறந்தது முதல் சொந்த நிலம் காணாதவன், கையில் வந்த நிலத்தைக் காயவிட எப்படிச் சம்மதிப்பான்? நாலாவது இடம் பார்த்துவிட்டு ஃபோனுக்குக் காத்திருந்தான்.

அன்றைக்கு அம்சவேணி முந்திக்கொண்டாள். “அண்ணா, நா ஒரு வேண்டுதல் வெச்சிக்கினு கீறேன். இனிமே சம்பளத்துல பாதி பெருமாளுக்கு. முடுப்பு மாதிரி பேங்குல போடப் போறேன். அத்த யாரும் கேக்கக் கூடாது.”

எங்கள் பக்கத்தில் மலையப்பனுக்கு நேர்ந்துகொண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்கள். அதற்கு முடுப்பு என்று பெயர். வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் அதை அவிழ்க்கமாட்டார்கள். தெலுங்குக்காரர்கள் அவரை வட்டிக்காசுலவாடு என்றே சொல்வார்கள். வட்டி சேர்த்து வசூல் பண்ணுகிறவர். அவர் பணத்தில் போர் போட யாருக்குத் துணிச்சல் வரும்? ஏகாம்பரம் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டான். நாலாவது இடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த லீவில் அவள் வந்தாள். எனக்கு ஒரு கோடாலித் தைலம், ஏகாம்பரத்துக்கு டேப் ரெக்கார்டர், நைனாவுக்குக் கம்பளி. மறுநாள் என்னைப் பேங்குக்கு அழைத்தாள். அப்போதெல்லாம் புதுக்கணக்குத் தொடங்க, அங்கே ஏற்கனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடவேண்டும்.

“பெருமாள் பேருலயா தொறக்கணும்?” என்று வழியில் கேட்டேன்.

“எம் பேருல தொறண்ணா. அவருக்கு எதுக்கு பாஸ்புக்கு?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “என்னுதுன்னு சொன்னா எங்கண்ணன் கேப்பான். அவன் கேட்டா இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. யாராண்டயும் சொல்லிடாதே.”

“சாமி கோச்சுக்கினா?”

“அவராண்ட கேட்டுட்டேன். பாத்துக்கறேன்னாரு.”

மேனேஜர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, இந்தப் பெண்ணை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து என்றேன். கையெழுத்துப் போட்டேன். இவள் இவள்தான் என்பதற்கு அன்றைக்கு என் கிறுக்கல் ஒன்று போதுமாக இருந்தது.

காலம் ஓடியது. செல்ஃபோன் வந்து என் பூத்தைக் காலி பண்ணியது. கண்ணாடிக் கதவைக் கழற்றிக்கொண்டு திருப்பதிக்கு வந்து ஜெராக்ஸ் கடை போட்டேன். கொஞ்ச நாளில் அம்சவேணியும் குவைத்தை முடித்துக்கொண்டு வந்து, இங்கே ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையலுக்குச் சேர்ந்தாள். சம்பளத்துக்காக ஹாஸ்டல்காரர்கள் வேறொரு பேங்கில் அவளுக்குக் கணக்குத் திறந்தார்கள். சம்பளம் வந்ததும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுபோய்ப் பெருமாள் கணக்கில் போடுவாள். நைனா போய்ச் சேர்ந்தார். ஏகாம்பரத்துக்கு முடி நரைத்தது. பெருமாள் கணக்கிலிருந்து ஒரு பைசா வெளியே வரவில்லை.

திருப்பதிக்கு வந்த நாளிலிருந்து அவள் குடியிருந்தது கிருஷ்ணம்மா என்பவரின் வீட்டில். இரண்டே அறை, பின்னால் ஒரு கொய்யா மரம், அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மலை. பத்துப் பாத்திரம் கழுவிக்கொண்டே மலையைப் பார்க்கலாம் என்று ஆயிரம் தடவை என்னிடம் சொல்லியிருப்பாள். கிருஷ்ணம்மாவுக்கு முடியாமல் போய், அமெரிக்காவில் இருக்கும் மகன் வந்து அழைத்துக்கொண்டு போவதாக முடிவானது. வீட்டை விற்க வேண்டும். பக்கத்து லாட்ஜ்காரன் அதிக விலைக்குக் கேட்டான். கிழவி நல்லவள். “முதலில் அம்சவேணி, அவளால் முடியாவிட்டால் மற்றவர்கள்” என்று சொல்லிவிட்டாள். ஆனால் மகனும் கையெழுத்துப் போடவேண்டும், பதிவு வைத்திருந்த அன்றே மூன்று மணிக்கு அவன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பவேண்டும். பதிவு அலுவலகத்தில் அதற்குள் முடியாவிட்டால் வீடு லாட்ஜ்காரனுக்கு.

பெருமாள் கணக்கில் இருப்பதை ஹாஸ்டல் கணக்குக்கு மாற்றி, இரண்டையும் சேர்த்து ஒரே டிராஃப்டாக எடுக்கவேண்டும். இதுதான் வேலை. சாட்சிக் கையெழுத்துக்கு ஏகாம்பரம் இஸ்திரி போட்ட சட்டையோடு வெதுருகுப்பத்திலிருந்து வந்திருந்தான். அவனிடம் அவள் சொல்லியிருந்தது ஒரே வரி: “பெருமாளாண்ட கைமாத்து கேட்டுக்கினு கீறேன்.” அவனும் அதை முழுசாக நம்பியவன்போலத்தான் தலையாட்டினான்.

காலையில் பேங்கில் எழுதிக் கொடுத்துவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்தோம். டீ வந்தது. அவள் ஃபோன் அடித்தது. அவளுக்கு எப்போதும் ஸ்பீக்கர்தான். வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கடலைத் தாண்டிக் கேட்கட்டும் என்று கத்துவாள்.

தெலுங்கில் ஒரு பெண் குரல் பேசியது. பேங்க் தலைமை அலுவலகமாம், பெயர் யமுனாவாம், இப்போது அனுப்பிய பணம் பற்றிச் சில கேள்விகளாம். எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. ஃபோனைப் பிடுங்கினேன்.

“ஏம்மா, உனக்கு வேற வேலயே இல்லியா? உன்ன மாதிரி எத்தினி பேர பாத்துக்கீறேன்! போலீஸாண்ட குடுக்கட்டுமா நம்பர?” என்று தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடித்தேன். நடுவில் சொன்னதை இங்கே எழுதமுடியாது. பட்டென்று கட் பண்ணினேன்.

“சரியா குடுத்தே” என்றான் ஏகாம்பரம். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

டீ ஆறுவதற்குள் மெசேஜ் வந்தது. பணம் போகவில்லை, கணக்கையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

ஓடினோம். மேனேஜர் சின்ன வயதுக்காரர். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு எங்கள் மூவரையும் பார்த்தார். “கூப்பிட்டது நிஜமாவே எங்க ஆளுங்கதான். ஃபோனைப் பிடுங்கித் திட்டினது யாரு?” என்று கேட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். இத்தனை வருஷமாக இந்தக் கணக்கில் பணம் உள்ளே மட்டும் வந்திருக்கிறது. ஒரே நாளில் முழுசும் துடைத்தெடுத்துப் புதிதாக வேறு பேங்குக்குப் போகிறது. பெண்மணி தனியாள். கேட்கக் கூப்பிட்டால் ஒரு ஆண் குரல் மிரட்டுகிறது. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

“அவங்க கணக்குலேர்ந்து அவங்க கணக்குக்குத்தானே சார் போவுது! இந்தக் கை அந்தக் கைக்குக் குடுக்கறதுக்கு எதுக்கு இத்தினி கேள்வி?” என்று கத்தினேன்.

“அதையேதான் அவங்க சொல்லணும். மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கேன். நீங்க யாரும் பேசக் கூடாது, அவங்கதான் பேசணும்” என்றார்.

பேங்க் பெஞ்சில் உட்கார்ந்தோம். கிருஷ்ணம்மாவின் மகன் பதிவு அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். லாட்ஜ்காரனும் அங்கே வந்து நிற்கிறானாம். அம்சவேணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கழுத்தே சிவந்துவிட்டது. எனக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஃபோன் வந்தது. அதே குரல்.

“அம்மா, இந்தக் கணக்கில் இருக்கிற பணம் யாருடையது?” தெலுங்கில்தான் கேட்டாள். எங்களுக்கு அதுவும் தாய்மொழி மாதிரிதான்.

அம்சவேணி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் தானாக வந்தது. “சாமியோடதும்மா.”

“எந்தச் சாமி?”

“மலை மேல கீற சாமி.”

“யாராவது சாமியார் உங்களை அனுப்பச் சொன்னாரா?”

“சாமியார் இல்லம்மா. சாமி.”

“அவர் உங்களோட பேசறாரா?”

“பேசாம? தெனமும்தான் பேசிக்கினு கீறோம்.”

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான், எனக்கோ வாய்ப்பூட்டு.

அந்தப் பக்கம் குரல் இன்னும் மெதுவானது. “அம்மா, நீங்க நல்லவங்க. உங்களை மாதிரி நிறையப் பேர் இப்படித்தான் ஏமாந்து போறாங்க. பணம் உங்களுடையது இல்லைன்னா என்னால அதை விடமுடியாது. பக்கத்துல யாராவது இருக்காங்களா? பயமா இருந்தா அவங்களைத் தள்ளிப் போகச் சொல்லிட்டு என்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. ஏகாம்பரம் மெல்ல எழுந்தான். நானும் எழுந்தேன். அவளுக்கு வழி கிடைத்துவிட்டது. நாங்கள் வாசலுக்குப் போனால் போதும், இரண்டு வார்த்தையில் காதும் காதும் வைத்தமாதிரி முடித்துவிடலாம். என் மனசும் லேசானது.

அம்சவேணி எட்டி ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடித்தாள். இஸ்திரி கசங்கியது.

“இருண்ணா. நீயும் கேளு.”

ஃபோனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். குவைத்திலிருந்து பேசிய அதே குரலில், பேங்க் முழுக்கக் கேட்கச் சொன்னாள். தெலுங்கில் தொடங்கினாள், பாதியில் தமிழாகிவிட்டது.

“எம் பணம்மா அது. குவைத்துல பாத்திரம் தேச்சது, ஹாஸ்டல்ல சோறு வடிச்சது. யாரும் குடுக்கல. சாமி பேரச் சொல்லி நான்தான் ஒளிச்சு வெச்சிக்கினு இருந்தேன். இப்ப எம் பணத்த எனக்கேதான் அனுப்பிக்கறேன். ஊடு வாங்கறதுக்கு. எனக்கு ஊடு.”

கவுண்டரில் நோட்டு எண்ணும் மிஷின்கூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. யமுனாவுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அம்மா பெயர் கேட்டாள். பொன்னியம்மா என்றாள் இவள். பிறந்த தேதி கேட்டாள். ஆதாரில் இருப்பதைச் சொன்னாள். “சரிம்மா, விட்டுடறேன். நல்லபடியா வாங்கிக்குங்க” என்றாள் யமுனா. நான் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அம்சவேணி இன்னும் சட்டையை விடவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். “கோவமாண்ணா?”

ஏகாம்பரம் பெஞ்சில் உட்கார்ந்தான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

“உன்னுதுன்னு சொல்லியிருந்தா நா கேட்டிருப்பேன் மே” என்றான். “நா கேட்டா நீ குடுத்திருப்பே. அத்தயும் பூமியில போட்டுட்டு, ரெண்டு பேரும் தூளப் பாத்துக்கினு ஒக்காந்திருப்போம்.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “நல்ல வேல பண்ணே” என்றான்.

அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பூத்தில் எத்தனை அழுகையைக் கேட்டிருப்பேன். நானே அழுதது அன்றைக்குத்தான்.

பணம் ஏறியதும் ஹாஸ்டல் கணக்கு இருந்த பேங்குக்கு ஓடி டிராஃப்ட் எடுத்தோம். ஆட்டோக்காரன் கேட்டதைக் கொடுத்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிருஷ்ணம்மாவின் மகன் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். கிருஷ்ணம்மா கையெழுத்துப் போட்டாள். அவனும் கையெழுத்துப் போட்டான். ஏகாம்பரம் கசங்கிய சட்டையோடு சாட்சிக் கையெழுத்துப் போட்டான். லாட்ஜ்காரன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனான். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

அடுத்த வாரம் அவள் மலைக்குப் போய்வந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் நேரே என் கடைக்கு வந்து லட்டைப் பிட்டுக் கொடுத்தாள்.

“இது எதுக்கு வேண்டுதல்?” என்று கேட்டேன்.

“வேண்டுதல் இல்லண்ணா. காவக்கூலி. இத்தினி வருசம் ராப்பகலா பாத்துக்கினாரே, சும்மா வுட முடியுமா?” என்றாள். உண்டியலில் என்ன போட்டாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கடைக்கு வந்துதான் அண்ணனுக்கு ஃபோன் பண்ணுவாள். கேட்டால் வீட்டில் டவர் இல்லை என்பாள். இருக்கிறது, எனக்குத் தெரியும். நான் பழைய பூத்தின் கண்ணாடிக் கதவை எறியாமல் கடையின் பின்பக்கம் சாத்திவைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஃபோனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவாள். நான் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் இழுத்தான். “அம்சா, நம்ம நெலத்துக்கு மேற்கால தேங்கா எழுந்து நின்னுதாம். இன்னோரு போரு போட்டா தண்ணி வரும்ன்றாங்க. உன்னாண்ட எதுனா கீதா?”

“கீதுண்ணா” என்றாள் அம்சவேணி. “என்னுது. போருக்குத் தரமாட்டேன்.”

அந்தப் பக்கம் கிழவன் விழுந்து விழுந்து சிரித்தான். இவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, ராத்திரிக்கு என்ன துன்னப் போறே என்று கேட்டாள்.